மொட்டை மாடிக் கேமராப் பெட்டிக்கு ஒரு ஜன்னல்: தெளிவான பிளாஸ்டிக்குகளைச் சோதித்த அனுபவம்

திருவான்மியூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து கிழக்கே பார்த்தால், அடுத்த தெருவின் தண்ணீர்த் தொட்டிகளுக்கு இடையில் கடல் தெரியும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அந்த இடைவெளியில் எழும் மேகங்களையும் இரவு மின்னல்களையும் தொடர்ந்து படமெடுப்பதற்காக, பழைய கேமரா ஒன்றை மழை புகாத அலுமினியப் பெட்டிக்குள் பொருத்தும் வேலையை எடுத்துக்கொண்டேன். பெட்டி, மின் இணைப்பு, நேரக் கட்டுப்பாடு ஆகியவற்றில் சொல்லும்படியாக எதுவும் இல்லை. லென்ஸுக்கு முன்னால் வர வேண்டிய 150 மி.மீ. சதுர ஜன்னலை எதனால் செய்வது என்ற கேள்விதான் இந்தப் பதிவு முழுவதையும் எடுத்துக்கொண்டது. புயல் காற்றில் தென்னை மட்டையும் தகரத் துண்டும் பறந்து வரும் மாடியில் கண்ணாடி வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டதால், தெளிவான பிளாஸ்டிக்குகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

பாரிமுனைப் பக்கம் பிளாஸ்டிக் ஷீட் விற்கும் கடையில் 3 மி.மீ. தடிமனில் அக்ரிலிக், பாலிகார்பனேட் இரண்டிலும் வெட்டுத் துண்டுகள் கிடைத்தன. அக்ரிலிக்கிலேயே வார்ப்பு ஷீட் என்றும் எக்ஸ்ட்ரூஷன் ஷீட் என்றும் இரண்டு வகை இருந்தன. முன்னது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையில் ஊற்றி உறைய வைத்தது, பின்னது உருகிய நிலையில் அச்சு வழியாகத் தள்ளி உருளைகளுக்கிடையே தட்டையாக்கியது. "ரெண்டுமே கிளியர்தான் சார், இது உடையாது, அது உடையும், அவ்வளவுதான் வித்தியாசம்" என்று கடைக்காரர் சொன்னார். நேம் போர்டு செய்பவருக்கு அது போதுமான விளக்கம். கேமராவுக்கு முன்னால் நிற்கும் ஜன்னலுக்குப் போதாது. எவ்வளவு ஒளி உள்ளே வருகிறது, அதில் எவ்வளவு வழி தவறிச் சிதறுகிறது, ஒளியின் தளவிளைவு நிலையை (ஒளி அலைகள் எந்தத் தளத்தில் அதிர்கின்றன என்பதை) ஷீட் மாற்றுகிறதா, நிறம் ஏறுகிறதா, உருவம் நெளிகிறதா என்பவை ஒன்றையொன்று சாராத தனித்தனிக் கேள்விகள். ஒன்றில் முதலிடம் பெறும் பொருள் அடுத்ததில் கடைசியில் நிற்கக்கூடும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பழைய சிடி உறை ஒன்றையும் (பாலிஸ்டைரீன்), இனிப்புக் கடைப் பெட்டியின் மூடியையும் (பெட், அதாவது தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்), பக்கத்து வீட்டுக் கார் நிறுத்தக் கூரையிலிருந்து கழற்றிப் போட்ட மஞ்சளடித்த பாலிகார்பனேட் துண்டையும், நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடி வில்லையையும் சேர்த்துக்கொண்டேன்.

வாங்கியது சொன்ன பொருள்தானா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். மேலே ஒட்டிய தாளை உரித்துவிட்டால் அக்ரிலிக்கும் பாலிகார்பனேட்டும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். அடர்த்தியை வைத்தும் பிரிக்க முடியாது: அக்ரிலிக் 1.19, பாலிகார்பனேட் 1.20 என்பதால், உப்பு கரையும் மட்டும் கரைத்த நீரில் இரண்டும் மிதப்பதா மூழ்குவதா என்று தயங்கி நிற்கும். வளைத்துப் பார்த்தால் அக்ரிலிக் முறியும், பாலிகார்பனேட் மடங்கும். ஆனால் அதற்கு ஒரு துண்டைப் பலி கொடுக்க வேண்டும். ஒளியியல் சோதனை செய்யப் புறப்பட்டவனுக்கு, பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்று சொல்லும் ஒளிவிலகல் எண்ணே நேர்வழி. அக்ரிலிக்குக்கு அது 1.49, பாலிகார்பனேட்டுக்கு 1.585, பாலிஸ்டைரீனுக்கு 1.59, சாதாரணக் கண்ணாடிக்கு 1.52.

பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியராக இருக்கும் என் சித்தப்பா, ஆய்வகத்தின் நகரும் நுண்ணோக்கியை ஒரு சனிக்கிழமை பயன்படுத்த அனுமதி வாங்கித் தந்தார். பிளஸ் டூ படித்த பலருக்கும் அந்தப் பித்தளைக் கருவி நினைவிருக்கும். தாளில் ஒரு மைப் புள்ளி வைத்து அதைக் குவியப்படுத்தி முதல் அளவீடு. புள்ளியின் மேல் ஷீட்டை வைத்தால் புள்ளி மேலெழுந்தது போல் தெரியும், அதை மறுபடி குவியப்படுத்தி இரண்டாவது அளவீடு. ஷீட்டின் மேற்பரப்பில் சுண்ணாம்புக்கட்டிப் பொடியைத் தூவி அதைக் குவியப்படுத்தி மூன்றாவது அளவீடு. உண்மைத் தடிமனைத் தோற்றத் தடிமனால் வகுத்தால் ஒளிவிலகல் எண் வந்துவிடும். "3 மி.மீ. ஷீட்டை வச்சுக்கிட்டு இதைச் செய்யாதேடா, ஃபோகஸ் எங்க முடியுதுன்னு உனக்கே தெரியாது" என்று சித்தப்பா எச்சரித்தார். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 3 மி.மீ. அக்ரிலிக்கின் தோற்றத் தடிமன் 2.01 மி.மீ., பாலிகார்பனேட்டினது 1.89 மி.மீ.; வேறுபாடு 0.12 மி.மீ. மட்டுமே. கருவியின் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. என்றாலும், கண் "இதுதான் குவியம்" என்று ஒப்புக்கொள்ளும் இடம் அதைப் போல ஐந்து மடங்கு அகலமானது. ஆகவே ஒரே வகையின் நான்கு துண்டுகளை, மருந்துக் கடையில் வாங்கிய கிளிசரினை இடையில் தடவி அடுக்கி, 12 மி.மீ. கட்டையாக்கினோம். கிளிசரினின் ஒளிவிலகல் எண் 1.47 என்பதால் அந்த மெல்லிய படலம் கணக்கைக் கெடுப்பதில்லை. இப்போது எதிர்பார்க்க வேண்டிய தோற்றத் தடிமன்கள் 8.05, 7.57 மி.மீ.; எங்கள் அளவீடுகள் அவற்றையொட்டியே வந்தன. கடைக்காரர் சரியான ஷீட்களைத்தான் கொடுத்திருந்தார்.

நுண்ணோக்கி கிடைக்காதவர்களுக்கு வீட்டிலேயே ஒரு வழி உண்டு. விளக்கெண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.48. கண்ணாடிக் குவளையில் அதை ஊற்றி, அக்ரிலிக் சில்லு ஒன்றைப் போட்டால், எண்ணெய்க்கும் சில்லுக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியதென்பதால் விளிம்புகள் கிட்டத்தட்ட மறைந்துவிடுகின்றன. பாலிகார்பனேட் சில்லோ, எண்ணெய்க்குள்ளும் விளிம்பு விளிம்பாகத் தெரிகிறது. நல்லெண்ணெயிலும் இதைச் செய்யலாம். நிறம் மட்டும் கொஞ்சம் தொல்லை. கிராம்பெண்ணெயின் எண் 1.53 ஆக இருப்பதால் அதையும் பயன்படுத்தலாமே என்று தோன்றும், ஆனால் அது பாலிஸ்டைரீன் போன்ற பிளாஸ்டிக்குகளைத் தாக்கிக் கெடுக்கும் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

அடுத்தது ஊடுகடத்தும் ஒளியின் அளவு. இதைத் தொடங்கும் முன் விடையின் மேல்வரம்பைத் தெரிந்துகொள்வது நல்லது. காற்றிலிருந்து அக்ரிலிக்குக்குள் நேர்க்குத்தாக நுழையும் ஒளியில் ஒவ்வொரு பரப்பும் ஏறக்குறைய 3.9 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பாலிகார்பனேட்டில் இது 5.1 சதவீதம். பொருளுக்குள் துளிகூட உட்கவரப்படவில்லை என்று வைத்துக்கொண்டாலும், பூச்சில்லாத அக்ரிலிக் ஷீட் 92.5 சதவீதத்துக்கு மேல் ஒளியைக் கடத்த முடியாது, பாலிகார்பனேட் 90.3 சதவீதத்துக்கு மேல் கடத்த முடியாது. கருவி 95 என்று காட்டினால், ஷீட்டைப் பாராட்டாமல் கருவியைச் சந்தேகிக்க வேண்டும்.

ரிச்சி தெருவில் ஒளி பட்டால் மின்னோட்டம் தரும் பிபிடபிள்யூ 34 என்ற போட்டோடையோடும் ஒரு வெள்ளை எல்இடியும் வாங்கி, டையோடை மல்டிமீட்டரின் மைக்ரோ ஆம்பியர் அளவையுடன் நேரடியாக இணைத்தேன். அந்த டையோடு அகச்சிவப்பில்தான் அதிக உணர்திறன் உடையது. வெள்ளை எல்இடியில் அகச்சிவப்பு அநேகமாக இல்லாததால் அது சிக்கலாகவில்லை. டங்ஸ்டன் பல்பை வைத்துச் செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கைவிளக்குகள் பலவும் ஒளியை வேகமாக அணைத்தும் ஏற்றியும்தான் பிரகாசத்தைக் குறைக்கின்றன என்பதால் அவற்றைத் தவிர்த்து, நிலையான மின்னோட்டம் தரும் சிறு சுற்று ஒன்றில் எல்இடியை எரிய விட்டேன். அப்படியும் எல்இடி சூடாகச் சூடாக ஒளி மெல்லக் குறைந்துகொண்டே போகும். ஆகையால் ஷீட் இல்லாமல் ஒரு முறை, ஷீட்டுடன் ஒரு முறை, மறுபடியும் ஷீட் இல்லாமல் ஒரு முறை என்று அளந்து, முன்னும் பின்னும் வந்த இரண்டின் சராசரியால் நடுவில் உள்ளதை வகுப்பதே நம்பகமான முறை. ஷீட்டைச் சற்றே சாய்த்து வைப்பதும் அவசியம், இல்லையேல் அது திருப்பி அனுப்பும் ஒளி எல்இடியின் மேல் பட்டு மீண்டும் வந்து கணக்கில் சேரும்.

கண்ணாடி வில்லை 91.5 சதவீதத்தையொட்டிக் காட்டியது. கொள்கைப்படி வர வேண்டியது 91.8. இதனால் அமைப்பின் மேல் நம்பிக்கை வந்தது. வார்ப்பு அக்ரிலிக் 92, எக்ஸ்ட்ரூஷன் அக்ரிலிக்கும் ஏறத்தாழ அதுவே, பாலிகார்பனேட் 88 முதல் 89 வரை. ஆனால் இந்த எண்களைவிட எனக்குப் பிடித்தது, அதே நான்கு துண்டு அடுக்கை வைத்துச் செய்த சோதனை. நான்கு அக்ரிலிக் துண்டுகளை உலர்ந்த நிலையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது ஊடுகடத்தல் 75 சதவீதத்துக்கு இறங்கியது. இடையிடையே கிளிசரின் தடவியதும் 91க்கு ஏறிவிட்டது. 12 மி.மீ. அக்ரிலிக்குக்குள் ஒளி தொலைவது அரிது, தொலைவதெல்லாம் பரப்புகளில்தான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரியவில்லை. பாலிகார்பனேட் அடுக்கு கிளிசரினுக்குப் பிறகும் 86ஐத் தாண்டவில்லை. அங்கே பொருளுக்குள்ளும் ஒரு பங்கு உட்கவரப்படுகிறது. எப்படியும், 92க்கும் 88க்கும் உள்ள வேறுபாட்டைக் கேமராவின் திறப்பு நேரத்தைச் சிறிது கூட்டிச் சரிக்கட்டிவிடலாம். விற்பனைத் தாள்கள் ஊடுகடத்தலைத்தான் பெரிய எழுத்தில் போடுகின்றன. என் கணக்கில் அதற்குக் கடைசி இடம்.

மங்கல் என்பதுதான் உண்மையான எதிரி. ஷீட்டைக் கடந்து வரும் ஒளியில், வந்த திசையிலிருந்து 2.5 டிகிரிக்கு மேல் விலகிச் செல்லும் பங்கின் சதவீதமே மங்கல் என்று, சோதனை முறைகளை வகுக்கும் ஏஎஸ்டிஎம் அமைப்பின் டி1003 என்ற விதி வரையறுக்கிறது. அது 30 சதவீதத்தைத் தாண்டினால் அந்தப் பொருளைத் தெளிவான ஷீட்டாகக் கருதாமல் ஒளியைப் பரப்பும் பொருளாகக் கருத வேண்டும். மங்கலான ஷீட்டின் மொத்த ஊடுகடத்தல் உயர்வாகவே இருக்கலாம், ஏனெனில் சிதறிய ஒளியும் மறுபக்கம்தான் வந்து சேர்கிறது. ஆனால் அந்த ஒளி படத்தின் கரிய பகுதிகளில் விழுந்து அவற்றைச் சாம்பலாக்கிவிடும். இருண்ட வானத்தில் மெல்லிய மின்னல் கிளையைப் பிடிக்க நினைப்பவனுக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை.

2.5 டிகிரி என்பது எவ்வளவு என்று மனத்தில் பதிய வேண்டுமானால், ஷீட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிச் சுவரை வைத்து லேசர் சுட்டியால் ஷீட்டின் வழியே அடித்துப் பாருங்கள். நடுப் புள்ளியைச் சுற்றி 4.4 செ.மீ. ஆரமுள்ள வட்டத்துக்குள் விழுவது "நேராக வந்த ஒளி". வெளியே விழுவது மங்கல். இருட்டு அறையில் இந்தச் சோதனை பேசும் மொழி வியப்பானது. ஒரே திசையில் துடைத்ததால் ஏற்பட்ட நுண்கீறல்கள், கீறல்களுக்குச் செங்குத்தான திசையில் ஒரு நீண்ட கோட்டை வரைகின்றன. கடற்காற்றின் உப்பு படிந்த பரப்பு புள்ளியைச் சுற்றி வட்டமான ஒளிப்படலத்தைத் தருகிறது. இரண்டும் சேர்ந்திருந்தால் இரண்டும் தெரியும். (சுட்டி எத்தனை சிறியதாக இருந்தாலும் கண்ணுக்கு நேராகவோ, பளபளப்பான பொருளின் மேலோ அடிக்கக்கூடாது என்று சொல்லத் தேவையில்லை, இருந்தும் சொல்லி வைக்கிறேன்.)

எண்ணாக அளப்பதற்கு ஒரு ஒருங்கிணைப்புக் கோளம், அதாவது உள்ளே வரும் ஒளி முழுவதையும் வெள்ளைச் சுவரில் பலமுறை சிதறடித்துச் சேர்த்து அளக்க உதவும் கோளம், வேண்டும். கைவினைப் பொருள் கடையில் கிடைக்கும் 15 செ.மீ. உட்குழிவான தெர்மோகோல் அரைக்கோளங்கள் இரண்டை எடுத்து, உட்புறத்தில் பளபளப்பில்லாத வெள்ளை எமல்ஷன் பூசினேன். நீரில் கரையும் பெயின்டாக இருக்க வேண்டும், தின்னர் கலந்தது தெர்மோகோலைத் தின்றுவிடும். ஒரு பக்கம் ஒளி நுழையும் துளை, நேரெதிரே வெளியேறும் துளை, பக்கவாட்டில் போட்டோடையோடு. நுழையும் ஒளி படும் இடத்தை டையோடு நேரடியாகப் பார்க்காதபடி நடுவில் ஒரு சிறு தடுப்பு. வெளியேறும் துளை, நுழைவாயிலிலிருந்து பார்க்கும்போது 8 டிகிரி கோணம் தாங்க வேண்டும் என்பது விதி, 15 செ.மீ. கோளத்துக்கு அது 21 மி.மீ. விட்டமாகிறது. துளைகளின் மொத்தப் பரப்பு கோளத்தின் உட்பரப்பில் 4 சதவீதத்தை மீறக்கூடாது, இங்கே மீறவில்லை. வெளியேறும் துளைக்குப் பின்னால், உள்ளே கறுப்பு வெல்வெட் ஒட்டிய குழாய் ஒன்றை ஒளிப்பொறியாக வைத்தேன்.

நான்கு அளவீடுகள் எடுக்க வேண்டும். ஷீட் இல்லாமல், வெளியேறும் துளையை வெள்ளையால் மூடி, மொத்த ஒளி. ஷீட்டுடன், துளையை மூடி, ஊடுகடத்திய மொத்த ஒளி. ஷீட் இல்லாமல், துளையைத் திறந்து, கருவியே சிதறடிக்கும் ஒளி. ஷீட்டுடன், துளையைத் திறந்து, கருவியும் ஷீட்டும் சேர்ந்து சிதறடிக்கும் ஒளி. நான்காவதை இரண்டாவதால் வகுத்த ஈவிலிருந்து, மூன்றாவதை முதலாவதால் வகுத்த ஈவைக் கழித்து, நூறால் பெருக்கினால் மங்கல் சதவீதம். மூன்றாவது அளவீட்டை "சிறியதுதானே" என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. எமல்ஷன் பூசிய வீட்டுக் கோளத்தில் அதுவே புதிய ஷீட்டின் மங்கலைவிடப் பெரியதாக இருக்கும், ஆகையால் விடவே கூடாது.

தாள் உரித்த புது ஷீட்கள் அனைத்தும் 1 சதவீதத்துக்குள் அடங்கின. அதற்குள் எது மேல் எது கீழ் என்று பிரித்துச் சொல்லும் தகுதி என் கோளத்துக்கு இல்லை. இனிப்புப் பெட்டியின் மூடி சில சதவீதம் காட்டியது. கூரைத் துண்டு இருபதைத் தாண்டியது. ஆனால் புதிய ஷீட்டின் எண்ணைவிட, சென்னையில் அது எப்படிக் கெடும் என்பதே முக்கியம். பெசன்ட் நகர்க் கடற்கரையின் நுண்மணலை ஈரத் துணியில் தொட்டு, ஒரே அழுத்தத்தில் ஒவ்வொரு ஷீட்டையும் தேய்த்துவிட்டு மறுபடி அளந்தேன். தேய்மானத்தால் கூடும் மங்கலை அளப்பதற்கென்றே ஏஎஸ்டிஎம் டி1044 என்ற முறை, சுழலும் உராய்வுச் சக்கரங்களுடன் இருக்கிறது. என்னுடையது அதன் ஏழை உறவு. இருப்பினும் வரிசை ஐயத்துக்கு இடமின்றி வந்தது: பூச்சில்லாத பாலிகார்பனேட்டின் மங்கல், அக்ரிலிக்கினதைக் காட்டிலும் தெளிவாக அதிகமாகக் கூடியது. உடையாத பொருள் கீறலுக்கு எளிதில் இடம் கொடுப்பதில் முரண் ஒன்றும் இல்லை. மென்மையாக வளைந்து கொடுப்பதால்தான் அது உடைவதில்லை. மோட்டார் வாகன முகப்பு விளக்குகள் பாலிகார்பனேட்டில் கடினப் பூச்சுடன் வருவதற்கும் இதுவே ஒரு காரணம்.

மங்கலில் அகப்படாத குறை ஒன்றும் உண்டு. 2.5 டிகிரிக்குள்ளேயே விலகும் ஒளி, கறுப்பைச் சாம்பலாக்காமல் விளிம்புகளை மட்டும் மழுக்கும். இனிப்புப் பெட்டி மூடியை நாளிதழின் மேல் ஒட்டி வைத்தால் எழுத்து தெளிவாகத் தெரிகிறது. ஒரு சாண் உயர்த்தினால் எழுத்துகள் கரைகின்றன. ஷீட்டைப் பொருளின் மேல் ஒட்டி வைத்துப் பார்த்து "கிளியர்" என்று சொல்வது எவ்வளவு பயனற்றது என்பதற்கு இதுவே சான்று. ஷீட்டின் அலைநெளிவையும் இதே வகையில், குளியலறை ஓடுகளின் கட்டங்களைச் சாய்வாகப் பார்த்து அறியலாம். எக்ஸ்ட்ரூஷன் ஷீட்டில் தள்ளிய திசையில் மெல்லிய கோடுகள் தெரிந்தன. அகலக் கோண லென்ஸ் மாட்டும்போது ஒவ்வொரு திசையிலிருந்தும் வரும் ஒளி ஜன்னலின் சில மில்லிமீட்டர் பகுதியை மட்டுமே கடப்பதால், இந்த நெளிவு உருவத்தைச் சிறிது நகர்த்துமே ஒழிய மழுக்காது. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸாக இருந்தால் 28 மி.மீ. அகலமுள்ள ஒளிக்கற்றை ஒரே நேரத்தில் பல நெளிவுகளைக் கடக்கும், அப்போது மழுங்கும். இரண்டையும் மாட்டும் எண்ணம் இருந்ததால் வார்ப்பு ஷீட் பக்கம் மனம் சாயத் தொடங்கியது.

முடிவைத் தீர்த்துவைத்தது தளவிளைவுச் சோதனை. இதற்குக் கருவி எல்லோர் மேசையிலும் இருக்கிறது. எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே தளவிளைவு அடைந்தது. திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, கேமராவின் போலராய்டு ஃபில்டரை (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது) திரை கறுக்கும்வரை சுழற்றி நிறுத்தி, இரண்டுக்கும் இடையில் ஷீட்டைப் பிடிக்க வேண்டும். உள்தகைவு (பொருளுக்குள் தங்கி நிற்கும் இழுப்போ அழுத்தமோ) இல்லாத ஷீட் கறுப்பாகவே இருக்கும். தகைவு உள்ள இடத்தில் பொருள், ஒளி அதிரும் திசைக்கேற்ப இருவேறு ஒளிவிலகல் எண்களைக் காட்டும் இரட்டை ஒளிவிலகல் பண்பைப் பெறுவதால் ஒளி கசியும், தகைவு மிகுந்தால் வண்ணப் பட்டைகள் தோன்றும். அழுத்தப்பட்ட கண்ணாடியில் டேவிட் புரூஸ்டர் 1815ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டறிந்த விளைவு இது. சிடி உறையின் ஒரு ஓரத்தில், உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழைந்த புள்ளியிலிருந்து மயில் தோகையாக வண்ணங்கள் விரிந்தன. பெட் மூடி ஏறக்குறைய முழுவதும் வண்ணமயம். வார்ப்பு அக்ரிலிக் கறுத்தே இருந்தது; லேசரால் வெட்டிய விளிம்பில் மட்டும் வெளிறிய கோடு. பாலிகார்பனேட் ஷீட்டைத் திரையின் விளிம்புக்கு 45 டிகிரி சாய்த்தபோது ஷீட் முழுவதும் வெளிறியது. மூலையில் துளையிட்டுத் திருகை முடுக்கியதும் துளையைச் சுற்றி வண்ண வளையங்கள் பிறந்தன. அதே திருகை அதே அளவு முடுக்கியும் அக்ரிலிக்கில் சாம்பல் நிறம் தாண்டவில்லை. ஒரே தகைவுக்குப் பாலிகார்பனேட் காட்டும் இரட்டை ஒளிவிலகல், அக்ரிலிக்கினதைப் போலப் பத்து மடங்குக்கும் அதிகம்.

மேகம் படமெடுப்பவனுக்கு இது ஏன் முக்கியம் என்று கேட்கலாம். வானத்து நீலமே தளவிளைவு அடைந்த ஒளி. சூரியனிலிருந்து 90 டிகிரி விலகிய திசையில் அது உச்சத்தில் இருக்கும். சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 தேதிகளை ஒட்டி நண்பகலில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். அப்போது கடல் அடிவானம் சரியாக 90 டிகிரி தொலைவில் அமைகிறது. மேகத்தைப் பிரித்துக் காட்ட லென்ஸில் போலராய்டு ஃபில்டர் மாட்டினால், வானமே முதல் போலராய்டாகவும் ஃபில்டர் இரண்டாவதாகவும் ஆகி, நடுவிலுள்ள ஜன்னலின் தகைவுகள் அனைத்தும் நீல வானத்தில் திட்டுத் திட்டாக அச்சாகும். பாலிகார்பனேட் ஜன்னலை வைத்து எடுத்த சோதனைப் படத்தில், நான்கு திருகு மூலைகளிலும் இளஞ்சிவப்பும் பச்சையும் கலந்த திட்டுகள் இருந்தன. எந்த மென்பொருளாலும் அதை நேர்மையாக நீக்க முடியாது.

நிறம் பற்றிச் சுருக்கமாக. 3 மி.மீ. வழியாக நேரே பார்த்தால் எதுவும் தெரியாது; 30 செ.மீ. நீளமுள்ள பட்டையை விளிம்பு வழியாக நீளவாக்கில் பார்த்தால் ஒளி நூறு மடங்கு தூரம் பொருளுக்குள் பயணம் செய்வதால் ஒளிந்திருக்கும் நிறம் வெளிப்படும். வார்ப்பு அக்ரிலிக்கின் விளிம்பு அநேகமாக நிறமற்றது. பாலிகார்பனேட் விளிம்பில் தெரிந்த மெல்லிய நீலம், இயல்பான மஞ்சள் சாயலை மறைக்கத் தயாரிப்பாளர்கள் சேர்க்கும் நீலச் சாயத்தினுடையது. புற ஊதா ஒளியில் பாலிகார்பனேட் மஞ்சளாவது பலரும் அறிந்தது. அதைத் தடுக்கும் படலம் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும், எந்தப் பக்கம் என்பது மேலே ஒட்டிய தாளில் அச்சிடப்பட்டிருக்கும், தாளை உரித்தபின் வெறும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. நீல எல்இடி, சிவப்பு எல்இடி இரண்டிலும் தனித்தனியாக ஊடுகடத்தலை அளந்து நீலத்தில் வந்ததைச் சிவப்பில் வந்ததால் வகுத்தால், மஞ்சளை ஒரு எண்ணாகப் பின்தொடரலாம். புதிய ஷீட்களில் அது 1ஐ ஒட்டியே இருந்தது. கூரைத் துண்டில் முக்கால் அளவுக்கு இறங்கியிருந்தது.

இந்த எண்கள் எதையும் சான்றிதழாகக் காட்ட முடியாது. வெள்ளை எல்இடி, விதியில் சொல்லும் ஒளிமூலமும் அல்ல, சிலிக்கன் டையோடு மனிதக் கண்ணும் அல்ல. வணிகத்துக்காக அளப்பவர்கள், 1968இல் சென்னையில் தொடங்கப்பட்டு கிண்டியில் இயங்கும் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட் போன்ற நிறுவனங்களின் சோதனைக் கூடத்துக்கே போக வேண்டும். வாங்கிய ஷீட்களுக்குள் ஒப்பிட்டு வரிசைப்படுத்த வீட்டு அமைப்பு தாராளமாகப் போதும்.

3 மி.மீ. வார்ப்பு அக்ரிலிக்கைப் பொருத்தினேன். அடி தாங்கும் திறனில் அது பாலிகார்பனேட்டுக்கு அருகில்கூட வராது என்பது உண்மைதான். ஜன்னலுக்கு மேல் ஒரு தகரக் கூரை நீட்டியும், உடைந்தால் மாற்ற இரண்டு துண்டுகளைச் சேர்த்தே வெட்டி வைத்தும் அந்தக் குறையை ஈடுகட்டினேன். லேசரால் வெட்டிய விளிம்பில் தகைவு இருப்பதால் ஆல்கஹால் கலந்த கண்ணாடி துடைப்பானோ சானிடைசரோ பட்டால் விளிம்பிலிருந்து நுண்வெடிப்புகள் கிளம்பும். ஆகவே விளிம்புகளை நீர்த்தாளால் (நீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்து, ஓவனில் 80 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைத்து மெதுவாக ஆறவிட்டேன். திரைக்கு முன்னால் பிடித்துப் பார்த்தபோது அந்த வெளிறிய கோடு மறைந்திருந்தது. அக்ரிலிக் 105 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும் என்பதால் ஓவனின் வெப்பத்தைத் தனி வெப்பமானியால் சரிபார்ப்பது நல்லது. திருகுத் துளை எதுவும் போடாமல், ரப்பர் கேஸ்கெட்டுக்கும் அலுமினியச் சட்டத்துக்கும் நடுவில் மிதக்கவிட்டு, ஒவ்வொரு பக்கமும் அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருக்கிறேன்: 150 மி.மீ. அக்ரிலிக் 30 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு ஏறக்குறைய 0.3 மி.மீ. நீளும், அலுமினியம் அதில் மூன்றில் ஒரு பங்கே நீளும். துடைப்பதற்கு முதலில் உப்பையும் மணலையும் நீரூற்றிக் கழுவிவிட்டு, பிறகு சோப்பு நீரும் பருத்தித் துணியும். அதே ஷீட்டின் ஒரு துண்டைத் தாள் உரிக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறேன். பருவமழை முடிந்தபின் ஜன்னலைக் கழற்றி, இரண்டையும் அடுத்தடுத்துக் கோளத்தில் வைத்து மங்கலையும், நீலம் சிவப்பு விகிதத்தையும் மறுபடி அளக்க வேண்டும்.